ரசீதும் ஜெபமும்: ஒரு தத்தெடுப்பு முகமையின் சேவை பற்றி

நாங்கள் டெக்சஸில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவத் தம்பதியர். இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருவரிடமும் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஒரு கிறிஸ்தவத் தத்தெடுப்பு முகமையுடன் ஒப்பந்தம் செய்து, 2024 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து எங்கள் மகளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அந்த மூன்றரை ஆண்டுகளில் முகமை எங்களுக்கு அளித்த சேவையையும், பணம் திரட்ட அது காட்டிய வழிகளையும் பற்றியது இந்த மதிப்புரை. முகமையின் பெயரை எழுதப்போவதில்லை. இங்கே குறையாகச் சொல்லப்படுபவை ஒரு முகமைக்கு மட்டும் உரியவை அல்ல என்பது, அதே பாதையில் சென்ற மூன்று குடும்பங்களோடு பேசிய பிறகு எனக்குத் தெளிவாயிற்று. மகளின் பெயர், அவள் பிறந்த மாநிலம், உடல்நிலை ஆகியவற்றையும் எழுதவில்லை. அதற்கான காரணம் பின்னால் வரும்.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குக் குழந்தையைத் தத்தெடுப்பது ஒரு முகமை தானாக முடித்துத் தரக்கூடிய காரியம் அன்று. நாடுகளுக்கு இடையேயான தத்தெடுப்பை ஒழுங்குபடுத்தும் 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. அமெரிக்காவில் அது 2008 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆகவே இந்தியப் பக்கத்தில் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான காராவும், அமெரிக்கப் பக்கத்தில் குடிவரவுத் துறையும் வெளியுறவுத் துறையும் ஒவ்வொரு படியிலும் கையொப்பமிட வேண்டும். எங்களைப் போன்றோர் காராவின் அங்கீகாரம் பெற்ற அமெரிக்க முகமை வழியாகவே அதன் இணையப் பதிவேட்டில் சேர முடியும். முகமைக்கு நாம் கொடுக்கும் பணம் உண்மையில் இந்த அலுவலகங்களுக்கு இடையே தாள்களை ஒழுங்காகக் கொண்டு செல்வதற்கும், நம்மைப் பெற்றோராக ஆயத்தப்படுத்துவதற்கும்தான். குழந்தைக்கு விலை என்று ஒன்று எங்கும் இல்லை. என் மாமியார் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து தொலைபேசியில், "பிள்ளைய வெலைக்கு வாங்குதாவன்னு ஊர்ல பேசுவாவளே, அம்மா" என்று கவலைப்பட்டபோது, நான் இதைத்தான் அரைமணி நேரம் விளக்கினேன். முகமையின் வரவேற்புக் கையேட்டில் இந்த விளக்கம் ஒரு பக்கமாவது இருந்திருக்கலாம். அதில் இருந்தது சூரிய அஸ்தமனப் படமும் ஒரு வசனமும்.

முதலில் நல்லவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆவணப் பணியில் இந்த முகமைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். எங்கள் கோப்பைக் கவனித்த அம்மையார், திருமணச் சான்றிதழில் என் கணவரின் தகப்பன் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்ததை முதல் வாசிப்பிலேயே கண்டுபிடித்தார். தந்தை பெயரையே கடைசிப் பெயராக எழுதும் தமிழ் வழக்கத்தை ஒருமுறை சொன்னவுடன் புரிந்துகொண்டு, இருவருக்கும் வெவ்வேறு கடைசிப் பெயர் ஏன் என்பதற்கு ஒரு விளக்க உறுதிமொழியைத் தயாரித்து, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை பெற்று, கோப்பில் சேர்த்தார். பிறகு ஓர் அலுவலகத்தில் இதே கேள்வி எழுந்தபோது அந்த ஒற்றைத் தாள் எங்களுக்குப் பல வாரங்களை மிச்சப்படுத்தியது.

பெற்றோர் பயிற்சியும் தரமானதே. ஹேக் உடன்படிக்கை நாடுகளிலிருந்து தத்தெடுப்போருக்குக் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது அமெரிக்க விதி. இவர்கள் 20 மணி நேரத்துக்கு மேல் நடத்தினார்கள். இல்லத்தில் வளர்ந்த குழந்தை சாப்பாட்டைத் தலையணைக்கு அடியில் ஏன் ஒளித்துவைக்கும், புதிய வீட்டில் அழாமலே இருக்கும் குழந்தையைப் பார்த்து ஏன் மகிழக் கூடாது என்பதையெல்லாம், தாங்களே தத்தெடுத்து வளர்த்தவர்கள் வந்து பேசினார்கள். காராவிடமிருந்து குழந்தை ஆய்வு அறிக்கையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் வந்தபோது, அவற்றைப் படித்துச் சொல்லத் தத்தெடுப்பு மருத்துவத்தில் பழகிய குழந்தை மருத்துவர் ஒருவரை முகமையே ஏற்பாடு செய்தது. அந்த மருத்துவர் எங்களை அச்சுறுத்தவும் இல்லை, ஆறுதலாகப் பூசி மெழுகவும் இல்லை.

வீட்டு ஆய்வுக்கு வந்த சமூகப் பணியாளரும் அப்படித்தான். மூன்று முறை வந்தார். எங்கள் வருமானத்தையும் துப்பாக்கி இருக்கிறதா என்பதையும் கேட்டவர், மூன்றாவது வருகையில், எங்களுக்குப் பிள்ளை பிறக்காத துக்கத்தை நாங்கள் அழுது தீர்த்தோமா என்று கேட்டார். ஒன்பது ஆண்டுத் திருமண வாழ்வில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். மற்றவர்கள் எல்லாரும் ஜெபிக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

இனி பணம். இங்கேதான் இந்தச் சேவை சறுக்குகிறது.

அமெரிக்க விதிகளின்படி ஹேக் அங்கீகாரம் பெற்ற முகமை, எதிர்பார்க்கப்படும் எல்லாக் கட்டணங்களையும் ஒப்பந்தத்துக்கு முன்பே இனவாரியாக எழுத்தில் தர வேண்டும். எங்களுக்கும் அந்தத் தாள் வந்தது. முகமைக் கட்டணம் 13,800 டாலர். வீட்டு ஆய்வு 2,900. காராவின் நிர்ணயப்படி இந்தியக் குழந்தைப் பராமரிப்புக்குச் செல்வது 5,000. தத்தெடுக்கத் தகுதி உண்டு என்று அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் ஒப்புதல் கேட்கும் ஐ-800ஏ விண்ணப்பமும் இருவர் கைரேகையும் சேர்த்து அப்போதைய கணக்கில் 945 (2024 ஏப்ரல் முதல் இந்தக் கட்டணம் 920 என்று ஒரே தொகையாகிவிட்டது). ஆவணம், முத்திரை, அஞ்சல் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 1,300. குழந்தை வந்தபின் எழுத வேண்டிய ஆறு அறிக்கைகளுக்கு 2,400. பயணத்துக்கு எங்களுக்கு ஆன செலவு 8,600. இவற்றைக் கூட்டினால் 34,945 டாலர்.

கடைசியில் நாங்கள் செலவிட்டது 35,895. வேறுபாடு 950 டாலர்தான். பெரிய தொகை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது வந்த விதம் சொல்லத்தக்கது. ஐ-800ஏ ஒப்புதல் 15 மாதங்களுக்கே செல்லும். எங்களுக்கு 2021 நவம்பரில் கிடைத்த ஒப்புதல் 2023 பிப்ரவரியில் முடியும் நிலைக்கு வந்தபோது, குழந்தை பற்றிய தகவல் எதுவும் வந்திருக்கவில்லை. நீட்டிக்க வேண்டுமானால் வீட்டு ஆய்வைப் புதுப்பிக்க வேண்டும்; அதற்குத்தான் அந்த 950. இந்தியத் திட்டத்தில் காத்திருப்பு 15 மாதத்தைத் தாண்டுவது முகமைக்குத் தெரியாத செய்தி அன்று. கட்டணத் தாளில் "தேவைப்படின் புதுப்பித்தல்" என்று ஒரு வரி இருந்தது, தொகை இல்லை. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு வந்த பதிலை நான் இன்னும் வைத்திருக்கிறேன்: கர்த்தர் அழைத்த காரியத்துக்குக் கர்த்தரே தருவார் என்று விசுவாசிக்கும்படி அதில் எங்களுக்குப் புத்தி சொல்லப்பட்டிருந்தது.

நான் திருநெல்வேலிப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் வளர்ந்தவள். கர்த்தர் தருவார் என்பது எங்கள் வீட்டில் காலையில் சொல்லி இரவில் சொல்லும் வார்த்தை. டோனாவூரில் 1901 முதல் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் மனிதரிடம் பணம் கேட்பதில்லை என்ற கொள்கையோடு கடைசிவரை இருந்தார் என்பதை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். முகமையின் நிதிதிரட்டல் வகுப்பில் அடிக்கடி மேற்கோள் காட்டப்பட்டவர் பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர். அவரும் யாரிடமும் கேட்காதவர்தான். ஆனால் வந்த ஒவ்வொரு காசுக்கும் ரசீது கொடுத்து, ஆண்டுதோறும் வரவுசெலவை அச்சிட்டு வெளியிட்டவரும் அவரே. அந்தப் பாதியை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. விசுவாசத்தின் மொழியைக் கணக்குக் கேட்கும் இடத்தில் பதிலாக வைப்பது விசுவாசத்துக்கும் மரியாதை இல்லை, வாடிக்கையாளருக்கும் மரியாதை இல்லை. திட்டம் பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று நான் மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறைதான் ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தைக் காட்டினார்கள். தேவையற்ற கேள்வியும் இல்லை இது. ரஷ்யா 2013இல் அமெரிக்கருக்குத் தத்துக் கொடுப்பதை நிறுத்தியது. எத்தியோப்பியா 2018இல் வெளிநாட்டினருக்குத் தடை விதித்தது. நாங்கள் மகளோடு வந்து இறங்கிய சில வாரங்களில், 2024 செப்டம்பரில், சீனா தன் கதவை அடைத்தது. 2004இல் 22,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடுகளிலிருந்து தத்தெடுக்கப்பட்டு அமெரிக்காவுக்கு வந்தார்கள். 2023இல் அந்த எண்ணிக்கை 1,300ஐக்கூடத் தொடவில்லை. பணம் கட்டிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்ற குடும்பங்கள் எத்தனையோ.

நிதிதிரட்டல் வகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது கட்டணமில்லாத சேவை. டி-சட்டை அச்சிட்டு விற்கலாம், பழைய பொருள்களை வாசலில் பரப்பி விற்கலாம், ஆயிரம் துண்டுப் புதிர்ப்படம் வாங்கிக் கொடையாளர் பெயரை ஒவ்வொரு துண்டின் பின்னாலும் எழுதிக் குழந்தையின் அறையில் மாட்டலாம் என்றெல்லாம் கற்றுத்தந்தார்கள். டி-சட்டையில் எங்களுக்குக் கிடைத்த லாபம் 380 டாலர். இரண்டு பெட்டிகள் இன்னும் கார்க் கொட்டகையில் கிடக்கின்றன. எல்லாம் மிகப் பெரிய அளவு. புதிர்ப்படம் எனக்குப் பிடிக்கவில்லை. தன்னை வரவழைக்க யார் யார் எத்தனை டாலர் கொடுத்தார்கள் என்பதைச் சுவரில் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை ஏன் தூங்க வேண்டும்?

அதைவிட மோசமானது, குழந்தை பற்றிய தகவல் வந்தபின் நிதிதிரட்டல் ஆலோசகர் சொன்ன யோசனை. கண்களை மட்டும் ஓர் இதயச் சின்னத்தால் மறைத்து அவள் படத்தைப் போட்டு, மருத்துவ அறிக்கையிலிருந்து இரண்டு வரி சேர்த்தால் தொகை வேகமாக ஏறும் என்றார். இந்தியாவின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் வெளிப்படும் எதையும் ஊடகங்களில் வெளியிடுவதைத் தடைசெய்கிறது. சட்டம் இருக்கட்டும், அவளுடைய உடம்பின் கதை அவளுடையது. வளர்ந்தபின் விரும்பினால் அவள் சொல்லட்டும். இந்த மதிப்புரையிலும் அதை நான் எழுதாததற்குக் காரணம் இதுவே. ஆவணப் பிரிவில் இருந்த அந்த அம்மையாரிடம் இதைச் சொன்னபோது அவர் அதிர்ந்துபோனார். ஒரே கூரைக்குக் கீழே ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியவில்லை. பிறகு ஆலோசகர் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார் என்பதையும் நேர்மைக்காகப் பதிவுசெய்கிறேன்.

எங்களுக்குக் கைகொடுத்த வழிகள் வேறு. முதலாவது, டென்னசி மாநிலத்திலிருந்து இயங்கும் போத் ஹேண்ட்ஸ் என்ற அமைப்பின் முறை. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கச் சொல்லும் யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகார வசனத்தை அடிப்படையாகக் கொண்டது அது. தத்தெடுக்கும் தம்பதியர் நண்பர்களைத் திரட்டி, ஒரு நாள் முழுவதும் ஒரு விதவையின் வீட்டைச் செப்பனிட வேண்டும். அந்த நாள் உழைப்புக்கு ஆதரவு கேட்டு ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். திரளும் பணம் தத்தெடுப்புச் செலவுக்குப் போகும். எங்கள் குழுவில் 23 பேர். கூரை ஒழுகலை அடைத்தோம், வேலிக்கு வண்ணம் பூசினோம், சமையலறைக் குழாயை மாற்றினோம். அந்த வீட்டுப் பாட்டி மத்தியானம் எல்லாருக்கும் சோளரொட்டி சுட்டுக் கொடுத்தார். கை நீட்டிக் கேட்கக் கூசிய என் கணவர், ஏணியில் ஏறி நின்றபோது கூசவில்லை. வந்தது 9,200 டாலர்.

இரண்டாவது வழி எந்த வகுப்பிலும் சொல்லப்படாதது. எங்கள் தமிழ்ச் சபையில் அக்டோபரில் அறுப்பின் பண்டிகை நடக்கும். வீட்டுத் தோட்டத்துப் பூசணியும் முருங்கைக்காயும் ஊறுகாய்ப் பாட்டிலும் ஏலத்துக்கு வரும். அந்த ஆண்டு ஆயர் ஏலத்தொகையில் ஒரு பகுதியை எங்களுக்கென்று ஒதுக்கினார். ஒரு புடலங்காய் 140 டாலருக்குப் போனது. ஊரில் சபையார் எல்லாருக்கும் அசனம் என்னும் பொதுவிருந்து போட்டுப் பழகிய கைகள் பின்கட்டில் பிரியாணி கிண்டின. மொத்தம் 2,150 டாலர். யாரும் எங்கள் கதையைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மூன்றாவது, கிறிஸ்தவ அறக்கட்டளைகளின் மானியம். பாடகர் ஸ்டீவன் கர்ட்டிஸ் சாப்மனும் அவர் மனைவியும் தொடங்கிய ஷோ ஹோப் முதலாகப் பல அமைப்புகள் இப்படி உதவுகின்றன. பொதுவாக வீட்டு ஆய்வு முடிந்திருக்க வேண்டும், வருமானவரித் தாக்கல் நகலும் சான்றுக் கடிதங்களும் இணைக்க வேண்டும், பணம் நம் கைக்கு வராமல் நேரே முகமைக்குப் போகும். நாங்கள் இரண்டு இடங்களில் விண்ணப்பித்தோம். ஓர் இடத்தில் இல்லை என்றார்கள், மற்றோர் இடத்தில் 5,000 டாலர் கொடுத்தார்கள். இந்த விண்ணப்பங்களுக்கு முகமை செய்த உதவி சிறப்பானது என்பதையும் சொல்ல வேண்டும். கேட்ட கடிதம் இரண்டு நாளில் வந்தது.

எங்கள் சேமிப்பு 14,000. இவை எல்லாம் போக மீதியிருந்த 5,165 டாலரை, நாங்கள் ஆங்கில ஆராதனைக்குப் போகும் சபையின் மூப்பர் ஒருவர் வட்டியில்லாமல் கடனாகக் கொடுத்தார். கூட்டரசின் தத்தெடுப்பு வரிச்சலுகையை நம்பி முன்பே செலவிடலாம் என்று வகுப்பில் சொல்லப்பட்டதை மட்டும் யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டுக் குழந்தையானால் தத்து இறுதியான ஆண்டுக்குத்தான் அதைக் கோர முடியும். 2024க்கு உச்சவரம்பு 16,810 டாலர். நாம் கட்ட வேண்டிய வரியில் மட்டுமே அது கழியும், மிச்சத்தை ஐந்து ஆண்டுகள்வரை முன்கொண்டு செல்லலாம். 2025ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து 5,000 டாலர் வரை கையில் திரும்பக் கிடைக்கும்படி சட்டம் மாறியிருக்கிறது. எங்களுக்கு அது கிட்டவில்லை.

சட்டத்தைப் பற்றி இடையில் ஒன்று. கிறிஸ்தவர்கள் இந்தியாவில் சட்டப்படி தத்தெடுக்கவே முடியாத காலம் இருந்தது என்பது எங்கள் சபையிலேயே பலருக்குத் தெரியவில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியருக்கு மட்டுமே தத்துரிமை தந்தது. மற்றவர்கள் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்பாளர் ஆகலாம், பிள்ளை பிள்ளையாகாது. இளைஞர் நீதிச் சட்டம் 2000இல் வந்து 2006இல் திருத்தப்பட்ட பிறகே எல்லா மதத்தினருக்கும் அந்த வழி திறந்தது. 2014இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வேதாகமத்தில் தத்தெடுப்பைக் குறிக்கும் புத்திரசுவிகாரம் என்ற சொல்லை ஞாயிறுதோறும் வாசித்துவந்த ஒரு சமூகத்துக்கு, அந்தச் சொல்லின் சட்டப் பொருள் அவ்வளவு தாமதமாகக் கிடைத்தது.

இந்தியப் பக்கத்து இறுதிக் கட்டத்தை முகமை நன்றாகவே நடத்தியது. 2023 ஆகஸ்டில் அறிக்கைகள் வந்தன, கையொப்பமிட்டோம், காராவின் தடையின்மைச் சான்றுக்குப் பிறகு, 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் பெற்றிருக்கும் மாவட்ட ஆட்சியரின் ஆணை வந்தது. பாஸ்போர்ட், டெல்லி அமெரிக்கத் தூதரகத்தில், இந்தியாவிலேயே தத்து முடிந்த குழந்தைக்குத் தரும் ஐஎச்-3 விசா என்று எல்லாவற்றுக்கும் நாள்வாரியான அட்டவணை கையில் இருந்தது. அந்த விசாவில் நுழையும் பிள்ளைக்கு இங்கே வந்து இறங்கியவுடன் குடியுரிமை தானாகவே கிடைத்துவிடுகிறது என்பதால், ஊரில் கேட்டவர்களுக்கு நான் அதை முதலில் சொல்லிக்கொண்டிருந்தேன். டெல்லியில் மகளுக்குக் காய்ச்சல் வந்த இரவு, இரண்டு மணிக்கு அழைத்தபோது முகமையின் இந்திய ஒருங்கிணைப்பாளர் எடுத்துப் பேசினார்.

மதிப்பெண் என்று கேட்டால், ஆவணத்துக்கும் பயிற்சிக்கும் ஐந்துக்கு ஐந்து. பணம் பற்றிய நேர்மைக்கு இரண்டு. நிதிதிரட்டல் ஆலோசனைக்கு ஒன்று. இவர்களிடம் மறுபடி போவேனா என்றால், போவேன். ஆனால் வாடிக்கையாளராகப் போவேன், முதல் நாளிலேயே பதினோராம் பக்கத்தைக் கேட்பேன். காத்திருப்பின் சராசரி மாதங்கள், அதற்குள் எத்தனை புதுப்பித்தல், ஒவ்வொன்றுக்கும் எத்தனை டாலர் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் யாரும் முன்பணம் கட்ட வேண்டாம்.

முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்று என்று காராவுக்கு அனுப்ப வேண்டிய ஆறு அறிக்கைகளில் நான்கு போய்விட்டன. நான்காவது முறை சமூகப் பணியாளர் வந்தபோது, முகமையின் ஆண்டு மலருக்காக மகளின் படமும் எங்கள் சாட்சியும் தர முடியுமா என்று கேட்கும் படிவத்தையும் கொண்டுவந்திருந்தார். சாட்சியை எழுதித் தந்தேன், செலவுக் கணக்கோடு. படத்துக்கான கட்டத்தில் கோடு போட்டேன். மலர் வந்தபோது அதில் சாட்சி இருந்தது; கணக்கு இல்லை.